தாழ்ந்த அழுத்தமும் தடுமாறும் சொல்லும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ‘பிரஷர்’ என்பது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. “அவருக்குப் பிரஷர்” என்று ஒருவர் கூறினால், மிகை அழுத்தம் என்றே கேட்பவர் கொள்வார், விளக்கம் வேண்டுவதில்லை. இது வியப்பும் அன்று. 2019-ஆம் ஆண்டு இந்நாட்டில் நடந்த தேசிய உடல்நலக் கணிப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 30 பேருக்கு மிகை இரத்த அழுத்தம் உண்டு. பத்துப் பேர் கூடிய இடத்தில் மூவர் என்றால், அச்சொல் அடைமொழியின்றி நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டா.

இப்படிப்பட்ட சமுதாயத்தில், அழுத்தம் தாழ்ந்தால் செய்ய வேண்டியது யாது என்பதுபற்றி நம் மொழியில் எழுதப்படுவனவும் பேசப்படுவனவும் எத்தன்மையன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்பட ஆராய்ந்தால் பொருள் விரியும். ஆதலின் ஒரு குறிப்பிட்ட நிலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கழுத்துத் தமனியில் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தபின் சிலருக்கு அழுத்தம் தாழ்ந்து, மணிக்கணக்கில் தாழ்ந்தே நிற்கிறது. அதனை ஊசி வழியாக அன்றி வாய்வழி மாத்திரையால் சரிசெய்யலாம் என்பது மருத்துவ உலகில் சில ஆண்டுகளாக நிலவும் கருத்து. இக்கருத்து எத்துணை வலுவுடையது? இதனைத் தமிழில் சொல்ல முற்படும்போது நாம் எங்கே இடறுகிறோம்?

முதலில் ஒரு தெளிவு. நம்மவர் வாயில் ‘ஸ்டென்ட்’ என்றால் இதய ஸ்டென்ட் என்றே பொருள். கோலாலம்பூரில் தேசிய இதய நிலையம் 1992-இல் தொடங்கியபின் அச்சொல் வீட்டுச் சொல்லாயிற்று. சார்லஸ் ஸ்டென்ட் என்ற ஆங்கிலேயப் பல்வைத்தியரின் பெயரால், பல்லின் அச்செடுக்க அவர் செய்த கலவைக்கு வழங்கிய பெயர் இது. பின்னர் பல துறைகள் சுற்றி இரத்தக் குழாய்க்குள் வந்து சேர்ந்தது. ஒருவர் பெயரை மொழிபெயர்க்க முயன்று நாம் அல்லற்பட வேண்டியதில்லை. ஸ்டென்ட் என்றே வழங்கலாம். ஆனால் எந்தக் குழாயில் என்பதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடலாகாது. கழுத்தில் வைப்பதும் இதயத்தில் வைப்பதும் பெயரால் ஒன்று. பின்விளைவால் வேறு வேறு. ஆசிய மக்களிடையே, கழுத்துத் தமனியினும் மூளைக்குள் ஓடும் தமனிகள் சுருங்குவது மேலைநாட்டாரை நோக்க மிகுதி. ஆகவே கழுத்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரை நாம் அரிதாகவே சந்திக்கிறோம். அரிதாக இருப்பதனாலேயே, இதய ஸ்டென்டுக்குச் சொன்னதை இதற்கும் ஒட்டிவிடுகிறோம்.

கழுத்துத் தமனிக்குக் கிரேக்கர் இட்ட பெயரே அதன் குணத்தைச் சொல்லும். ‘கரோடிட்’ என்பது மயங்கச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. கழுத்தின் இருபுறமும் அழுத்தினால் மனிதன் மயங்குவான் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஏன் மயங்குகிறான் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் நன்கு விளங்கிற்று. தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், குரல்வளையின் மேல்விளிம்பளவில், சற்றே புடைத்த ஒரு பகுதி உண்டு. அதன் சுவரில் இழுவிசையை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறிச் சுவர் விரிந்தால் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி விடுக்கும், மூளைத்தண்டு இதயத்தை மெதுவாக்கி, உடலெங்கும் உள்ள சிறு குழாய்களைத் தளர்த்தும், அழுத்தம் இறங்கும். 1920-களில் ஹெரிங் இதனை ஆராய்ந்தார். பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகரத்துக் கார்னெயில் ஹேமான்ஸ், இப்பகுதியும் பெருந்தமனியும் மூச்சியக்கத்தை ஆளும் வகையை விளக்கி 1938-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார்.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்தால் மிதவை உயர்ந்து குழாயை அடைத்துவிடும். தொட்டி பாதியாய் இருக்கும்போதே யாராவது மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? தொட்டி நிறைந்துவிட்டது என்று குழாய் அடைத்துக்கொள்ளும். கழுத்தில் பலூனை ஊதி ஸ்டென்டை விரிக்கும்போது நிகழ்வது இதுவே. அழுத்தம் ஏறாமலே சுவர் விரிகிறது, நரம்பு நுனிகள் ஏமாறுகின்றன, இதயத் துடிப்பு குறைகிறது, அழுத்தம் சரிகிறது. பலூனைச் சுருக்கி எடுத்துவிடலாம். கழுத்து ஸ்டென்டோ தானே விரியும் உலோகத்தால் ஆனது. வைத்த பின்னும் அது சுவரை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆதலின் மிதவையைத் தூக்கிய கை உடனே விடுவதில்லை. சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள், அழுத்தம் தாழ்ந்தே நிற்கும். நரம்பு நுனிகள் புதிய இழுவைக்குப் பழகியபின் பெரும்பாலோர்க்குத் தானே சீராகிவிடும்.

முன்பே அதே இடத்தில் கழுத்தைத் திறந்து தமனியைச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு இத்தொல்லை குறைவாக இருப்பது கவனிக்கத்தக்கது. அறுவையின்போது நரம்பிழைகள் துண்டிக்கப்பட்டிருக்கும். தூக்குவதற்கு மிதவையே இல்லை. சுண்ணாம்பேறிய தடிப்பு பிரிவிடத்தை ஒட்டி இருந்தால் தொல்லை மிகுதி. அறுவையா, ஸ்டென்டா என்ற பெருவழக்கில் நாம் இங்கே புகவில்லை. 2010-இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வு 2,502 பேரை வைத்து அதனை விரிவாக விவாதித்திருக்கிறது.

இனி மருத்துவம். பலூன் ஊதும் வேளையில் துடிப்பு குறைந்தால் அட்ரோபின் ஊசி. பின்னர் உப்புநீர் ஏற்றுதல். அதற்கும் அடங்காவிடில் டோபமின், நார்அட்ரினலின், பினைல்எப்ரின் போன்ற மருந்துகளை நரம்பூசி வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துதல். இம்மருந்துகளைச் செலுத்த வேண்டுமானால் நோயாளி தீவிர கண்காணிப்புப் பிரிவில் படுத்திருக்க வேண்டும். கணந்தோறும் அளக்க வேண்டும். டோபமின் இதயத் துடிப்பைக் கெடுக்கவும் கூடும். நோயாளியோ நன்றாகப் பேசுகிறார், பசிக்கிறது என்கிறார், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார். எண் மட்டும் 85 என்று காட்டுகிறது. ஓர் எண்ணுக்காக இரண்டு நாள் படுக்கையா என்று மருத்துவர்கள் எண்ணியதில் தவறில்லை. வாய்வழி மருந்து அரங்கேறியது இவ்விடத்திலேதான்.

இரண்டு மருந்துகள் பேசப்படுகின்றன. ஒன்று மிடோட்ரின். இது உடலில் வேறொரு பொருளாக மாறி, சிறு தமனிகளையும் சிரைகளையும் இறுகச் செய்து அழுத்தத்தை உயர்த்துகிறது. இதயத்தை நேராகத் தூண்டுவதில்லை. மற்றொன்று சூடோஎபிட்ரின். மூக்கடைப்புக்குத் தரும் மாத்திரையில் இருப்பது இதுவே. இதன் உறவுப் பொருளான எபிட்ரினை ‘மா ஹுவாங்’ என்னும் மூலிகையிலிருந்து 1885-இல் பிரித்தெடுத்தவர் நாகாய் என்ற ஜப்பானியர். சீனர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட மூலிகை அது. சளிக்கு மாத்திரை விழுங்கிய மிகை அழுத்தக்காரருக்கு அழுத்தம் ஏறுவது தீய விளைவு. கழுத்து ஸ்டென்ட் வைத்தவருக்கு அதே ஏற்றம் மருந்தாகிறது. நோக்கம் மாறினால் நஞ்சும் மருந்தும் இடம் மாறும் என்பதற்கு நல்ல சான்று.

சர்மா, லார்டிசபால், பாம்பி என்னும் மூவர் 2008-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. கழுத்து ஸ்டென்டால் விளையும் தாழ் அழுத்தத்துக்கு வாய்வழி மிடோட்ரின் பயனுடையது என்பதே அதன் தலைப்பு. தலைப்பிலேயே தீர்ப்பு! தமிழில் நூல் மதிப்புரை எழுதுவோர் ‘இந்நூல் சிறந்தது’ என்று தலைப்பிட்டுவிட்டுத் தொடங்கினால் நாம் சற்றே புருவம் உயர்த்துவோம் அல்லவா? அந்த மூவரின் நன்னோக்கத்தை நாம் ஐயுறவில்லை. வழி காட்டியவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு. ஆயினும் இத்துறையில் வெளிவந்தவை பெரும்பாலும் சிறு கூட்டத்தாரைப் பற்றியவை என்பதையும், இந்நோய் பெரும்பாலும் தானே தீர்வது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தானே தீரும் நோய்க்கு எம்மருந்தும் பயன் தரும். இன்று மாத்திரை கொடுத்தார்கள். நாளை அழுத்தம் உயர்ந்தது. ஆகவே மாத்திரை உயர்த்தியது என்பது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கை உட்காராவிட்டால் பழம் எப்போது விழுந்திருக்கும்? இதனை அறிய ஒரே வழி, ஒத்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்குப் போலி மாத்திரையும் கொடுத்து, கொடுப்பவரும் உண்பவரும் எது எதுவென்று அறியாவண்ணம் பார்ப்பது. ‘தாழ்வு’ என்பதற்கே இத்துறையினர் ஒரே எல்லை வகுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் 90-க்குக் கீழ் என்கிறார். ஒருவர் முன்னிருந்ததினும் இத்தனை குறைந்தால் என்கிறார். இன்னொருவர் மருந்து தேவைப்பட்டால் மட்டும் கணக்கில் கொள்கிறார். அளவுகோல் மூன்றாக இருக்கும்போது விளைச்சலை ஒப்பிடுவது எங்ஙனம்?

இதே மாத்திரையை வேறோரிடத்தில் முறையாகச் சோதித்தபோது கிடைத்த முடிவு சிந்திக்கத்தக்கது. தீவிர கண்காணிப்புப் பிரிவில் சொட்டு மருந்திலிருந்து விடுபட இயலாமல் கிடந்த 132 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, மிடோட்ரின் கொடுத்தால் விரைவில் விடுபடுவார்களா என்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆராய்ந்தார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. விரைவு இல்லை, மருந்துண்ட பிரிவில் இதயத் துடிப்பு குறைந்தவர்கள்தான் கூடுதலாக இருந்தார்கள். அவர்கள் கழுத்து ஸ்டென்ட் நோயாளிகள் அல்லர். ஆகவே அம்முடிவை அப்படியே இங்கே பெயர்த்து நடலாகாது. ஆனால் கழுத்து ஸ்டென்ட் வைத்தவருக்கு முன்பே துடிப்பு குறைந்திருக்கிறது என்பதை நினைத்தால், அக்குறிப்பைப் புறக்கணிக்கவும் இயலாது. காரணம் பொருத்தமாய் இருப்பதனால் மட்டும் காரியம் கைகூடிவிடாது.

மிடோட்ரினின் வரலாற்றிலும் இச்சிக்கல் உண்டு. எழுந்து நின்றால் அழுத்தம் சரிந்து தள்ளாடுவோர்க்காக 1996-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு விரைவு அனுமதி அளித்தது. நின்ற நிலையில் எண் உயர்கிறது என்பதே அதற்கு அடிப்படை; மனிதன் நன்றாக நடமாடுகிறானா என்பதைப் பின்னர் மெய்ப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மெய்ப்பித்தல் வரவில்லை. 2010-இல் அனுமதியைத் திரும்பப் பெறப்போவதாக அரசு அறிவித்தது. நோயாளிகளும் மருத்துவர்களும் கிளர்ந்தெழுந்தனர், மருந்து நின்றுவிடவில்லை. எண்ணைக் குணப்படுத்துவதா, ஆளைக் குணப்படுத்துவதா என்ற கேள்வி இங்கும் அதுவே. 85 என்ற எண்ணோடு தெளிவாகப் பேசி, சிறுநீர் நன்கு கழித்து, தலைசுற்றலின்றி இருப்பவருக்கு மருந்தே தேவையா? எதிர்ப்பக்கத் தமனியும் அடைபட்டிருப்பவருக்கோ, இதய வால்வு சுருங்கியவருக்கோ அதே 85 மூளைக்கும் இதயத்துக்கும் பேரிடர் ஆகலாம். எண் ஒன்று, ஆள் வேறு. இருவருக்கும் ஒரே விதியை எழுதும் மருத்துவக் குறிப்பு பயன்படாத குறிப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. நெடுநாள் குறைந்த இரத்தத்தில் வாழ்ந்த மூளைக்குத் திடீரென்று வழி திறக்கிறது. அப்போது அழுத்தம் மிகுந்தால் மூளை வீங்கலாம், இரத்தக் கசிவும் நேரலாம். ஆகவே உயர்த்துவதிலும் எல்லை வேண்டும். சொட்டு மருந்தை நிறுத்தினால் சில நிமிடங்களில் வேகம் அடங்கும். விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க இயலுமா? மிடோட்ரின் வேலை தொடங்க ஒரு மணி நேரம் அளவு ஆகும். தொடங்கியபின் சில மணி நேரம் நிற்கும். அவசரத்துக்கு அது உதவாது. எல்லை மீறினால் உடனே அடக்கவும் இயலாது. நம் கருத்தில், மருத்துவமனைக்குள், ஆபத்து நீங்கி எண் மட்டும் சற்றே தாழ்ந்து நிற்பவரைச் சொட்டு மருந்திலிருந்து விடுவிக்க மருத்துவர் கையாளும் ஒரு பாலமாக இம்மாத்திரையை ஏற்கலாம். அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்றுதற்கு இன்றுள்ள சான்று போதாது.

இனி மொழிக்கு வருவோம். உயிரோடு விளையாடுவது உண்மையில் இவ்விடத்தில்தான்.

பிரிக்பீல்ட்சில் இரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தார் மரபில் ‘நாடி’ என்பது தமனி. ‘நாளம்’ என்பது சிரை. இலங்கைப் பாடநூல்கள் இன்றும் அவ்வாறே வழங்கும். இரத்த அழுத்தத்தைக் ‘குருதியமுக்கம்’ என்னும். தமிழ்நாட்டு நூல்களிலோ இரத்த நாளம் என்றால் எந்த இரத்தக் குழாயும் ஆகும். நாடி என்றால் வைத்தியர் மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பது. கிள்ளான் தோட்டப்புறத்து மரபினர்க்கு இப்பொருளே பழக்கம். ஆக, “நாடியில் ஸ்டென்ட்” என்று ஒருவர் எழுதினால் ஒரு வீட்டில் கழுத்தையும் மறு வீட்டில் மணிக்கட்டையும் தொட்டுப் பார்ப்பார்கள்! மணிக்கட்டு வழியாகவே இதய ஸ்டென்ட் வைக்கும் காலம் இது, குழப்பம் இரட்டிப்பாகும்.

தமிழுக்கு இது சொல்லும் ஆற்றல் இல்லையென்று சொல்வாரை நாம் மறுக்கிறோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’ முதலான நூல்களைத் தமிழில் வெளியிட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் அன்று வெட்கமின்றித் தமிழில் செய்ததை, நாம் இன்று ‘பிரஷர்’ என்ற ஒரே சொல்லால் செய்து முடித்துவிடப் பார்க்கிறோம்.

மலாய்மொழி இதில் நம்மினும் தெளிவுடையது. ‘டாரா திங்கி’ என்றால் உயர்வு. ‘டாரா ரெண்டா’ என்றால் தாழ்வு. உயர்வும் தாழ்வும் சொல்லிலேயே இருக்கின்றன. நம் ‘பிரஷர் மாத்திரை’யில் அவை இல்லை. அழுத்தத்தைத் தணிக்கும் மாத்திரையும் பிரஷர் மாத்திரை. உயர்த்தும் மிடோட்ரினும் பிரஷர் மாத்திரை. கழுத்து ஸ்டென்ட் வைத்துக்கொள்வோருள் பெரும்பாலோர் ஏற்கெனவே மிகை அழுத்தக்காரர்கள். அவர்கள் வீட்டில் ஒரே பெட்டிக்குள் இரண்டும் சேரக்கூடும். “பிரஷர் மருந்தைச் சில நாள் நிறுத்துங்கள்” என்று மருத்துவர் சொன்னதை வீட்டார் எப்படிக் கொள்வார்கள்? எதை நிறுத்துவார்கள்? சில வீடுகளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அவற்றுள் இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் அடங்கும். ஸ்டென்ட் வைத்த முதல் வாரங்களில் இவ்விரண்டையும் நிறுத்துவது, புதிய குழாய்க்குள் இரத்தம் கட்டியாகி மூளையைத் தாக்க வழிசெய்வதாகும். தாழ் அழுத்தத்தால் நேராத கேடு, சொற்குறையால் நேர்ந்துவிடும்.

தாழ் அழுத்தத்தையும் இரத்தக் குறைவையும் ஒன்றாக எண்ணுவது மற்றொரு வழக்கு. “அவருக்கு இரத்தம் கம்மி” என்று பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து குவிப்பார்கள். பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் அழுத்தத்தைச் சிறிது குறைக்கும் இயல்புடையது. அன்பு மிகுந்து எதிர்விளைவைப் பரிமாறுகிறோம். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கொட்டிக் கொடுப்பதும் அத்தகையதே. மயங்கி விழும் இளைஞருக்கு அது உதவலாம். சிறுநீரகமும் இதயமும் தளர்ந்த முதியவருக்கு அது சுமை.

இதய ஸ்டென்ட் வைத்தவரின் தாழ் அழுத்தம் இவற்றினும் கொடியது. அங்கே மிதவையைத் தூக்கும் கை கிடையாது. தொடையில் ஊசி நுழைந்த இடத்திலிருந்து வயிற்றின் பின்புறம் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். இதய உறைக்குள் இரத்தம் தேங்கலாம். வைத்த குழாயே அடைத்திருக்கலாம். சாயமருந்து ஒவ்வாமற் போயிருக்கலாம். வீடு திரும்பியவருக்கு வியர்த்து, வயிறோ முதுகோ வலித்து, அழுத்தம் தாழ்ந்தால், கிள்ளானில் இருப்பவர் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ அண்மையிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ உடனே செல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கழுத்து ஸ்டென்டுக்குப்பின் கொடுத்த மாத்திரையைக் கடன் வாங்கி விழுங்கினால் எண் சற்றே உயரும். கசிவு மறைந்துகொண்டு தொடரும். ‘ஸ்டென்டுக்குப்பின் தாழ் அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு’ என்று ஒற்றை வரியில் தமிழில் எழுதுவோர், இந்தப் பக்கத்து வீட்டை மனத்தில் வைத்து எழுத வேண்டும்.

‘பிரஷர் மாத்திரை’ என்பதை விடுத்து, ‘அழுத்தம் தணிக்கும் மாத்திரை’, ‘அழுத்தம் உயர்த்தும் மாத்திரை’ என்று எழுதிப் பழகலாம். நீளம்தான், ஆனால் பாட்டியும் பிழைபடாமல் படிப்பாள். உயர்த்தும் மாத்திரையின் உறைமேல் இன்னும் ஒரு வரி வேண்டும். மிடோட்ரின் உண்டவர் மல்லாந்து படுத்தால் அழுத்தம் அளவுமீறி ஏறும். அம்மருந்தின் முதற்பெரும் எச்சரிக்கையே அது. ஆகவே நாளின் கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் இருத்தல் வேண்டும். ‘தினம் மூன்று வேளை’ என்று மட்டும் எழுதினால், நம் வீடுகளில் மூன்றாம் வேளை என்பது இரவுச் சோற்றுக்குப் பின், பாயை விரிப்பதற்குச் சற்று முன்.